ஐந்து மில்லிமீட்டர் மிச்சம்

பின்கதவு இனிச் சில்லைத் தாங்காது என்றார் உதுமாலெவ்வை.
விரலால் குத்திக் காட்டினார்.
பிணைச்சல் இருந்த இடத்தில் தகரம்
தேத்தண்ணியில் ஊறின பிஸ்கட் மாதிரி விழுந்தது.
வாவி உப்பு. மண்முனைப் பாலத்தால்
நாளுக்கு இரண்டு தரம் போய்வந்த சம்பளம்.

"உள்ளுக்க வெப்பம் டொக்டர். ஒரு சீற்று போகும், பரவாயில்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்தது.
அவர் தன் தொழிலைப் பற்றி என்று நினைத்திருப்பார்.

கரண்ட் இல்லாத இரவுகளில், குவாட்டர்சில் கிடந்து
இந்த வாகனத்தின் சாதகத்தைப் படித்திருக்கிறேன்.
அறுபதுகளின் கடைசி. ஜப்பானில் சின்னக் கம்பனி ஒன்று,
பெயருக்கு அர்த்தம் நம்பிக்கை.
இன்னொருவரின் என்ஜினை வாங்கிப் பூட்டி
நாலு சில்லும் இழுக்கிற குட்டி ஒன்றைக் கட்டியது.
விற்றது சொற்பம்.
நம்பிக்கையைச் சுசுகி விலைக்கு வாங்கிற்று.
(கந்தோர் அறிக்கையில் யாரும் இப்படி எழுதினால்
வெட்டிவிடுவேன். ஆனால் நடந்தது அதுதான்.)

அங்கே சட்டம் ஒன்று இருந்தது:
சின்ன வாகனம் என்றால் நீளம் மூன்று மீட்டருக்குள்.
பின்னால் சில்லைத் தொங்கவிட்டால் கோடு தாண்டும்.
யாரோ, பெயர் எனக்குக் கிடைக்கவில்லை,
சில்லை உள்ளே வைத்தார்.
நாலாவது ஆள் இறங்கினார்.
எழுபதில் ஜிம்னி தெருவுக்கு வந்தது,
மூன்று பேர், ஐந்து மில்லிமீட்டர் மிச்சம்.

இருபத்தைந்து குதிரை வலு.
சாமித்தம்பியின் பட்டியில் அதைவிட எருமை அதிகம்.
முதலில் காற்றில் ஆறின என்ஜின், பிறகு தண்ணீரில்.
பிறகு மூன்றாவது சிலிண்டர்.
எண்ணெய் கலந்து குடிக்கிற பழக்கத்தை
எழுபதுகள் முடிவதற்குள் விடத் தொடங்கிற்று.
எண்பதுகளில் தோள் அகன்றது, அதுதான் எங்கள் திணைக்களத்தில்
இன்னும் இருமிக்கொண்டு நிற்பது.
பின்னால் வந்ததுகள் முகம் உருண்டு, சுருள்வில் பூட்டி,
இருபது வருசம் சுற்றித் திரும்பவும் பெட்டியாகின.
எனக்கு வாய்த்தது தட்டுவில். என் முள்ளந்தண்டைக் கேளுங்கள்.

மூன்றாம் நாள் மாரி கொட்டியது.
தாந்தாமலைக்கு அங்கால், வட்டையும் வாய்க்காலும் ஒன்றான இடம்.
நானும் கிருபைராசாவும் கயிறும் சவர்க்காரமும்.
சாமித்தம்பி டோர்ச்சை ஆட்டிக்கொண்டு தெருவில் ஏறினார்.
மூன்று பேர். சில்லு பின்னால் படுத்துக் கிடந்தது.

கன்று வந்தது.
தாய் எழும்பவில்லை.
சாமித்தம்பி அதன் கொம்பில் கை வைத்தபடி இருந்தார்,
மழை விட்ட பிறகும்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வைத்தியம் முடிந்துபோயிருந்தது.

சூடு வேணும், பால் வேணும், கொக்கட்டிச்சோலைக்குக் கொண்டுபோகவேணும்.
சாக்கில் சுற்றிச் சில்லின் நடுவில் வைத்தோம்.
அளவு எடுத்துச் செய்தது போலப் பொருந்திற்று.
மூன்று மீட்டர்ச் சட்டம் போட்டவர்
இதை நினைத்திருக்கமாட்டார்.

மதகடியில் முன்சில்லு காற்றுப் போனது.
கன்றைச் சாமித்தம்பியின் மடியில் போட்டு
உள்ளிருந்ததைக் கழற்றிப் பூட்டினோம்.
சேறு அப்பின, ஓடிச் சூடேறின மற்றதை உள்ளே கிடத்தி
அதன் மேலேயே திரும்ப வைத்தோம்.

இரண்டாம் கியரில் போகும்போது சத்தம் கேட்டது.
கண்ணாடியில் பார்த்தேன்:
கறுப்பு. உருண்டை. இளஞ்சூடு.
எருமைக்கன்று ரயரில் முலை தேடிக்கொண்டிருந்தது.
முட்டியது. நக்கியது. திரும்பவும் முட்டியது.
"பொறு மனே" என்றார் சாமித்தம்பி,
அன்றிரவு அவர் பேசின ஒரே வார்த்தை.

விடியச் சாமம் ஓட்டப் பதிவேட்டை நிரப்பினேன்.
தூரம். எரிபொருள். போன காரணம்.
பயணித்தவர் தொகை என்ற கட்டத்தில்
நாலு என்று எழுதினேன்.

கணக்காய்வில் கேட்பார்கள், இருக்கை மூன்றுதானே என்று.